ஓராண்டு சூழலியல் மானிடவியல் முதுகலை: ஆய்வேட்டைத் திட்டமிடுவது எப்படி

சூழலியல் மானிடவியல் என்பது மக்களுக்கும் அவர்கள் வாழும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராயும் துறை. பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இதுபோன்ற ஓராண்டு முதுகலைக்கு 180 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளி). அதில் பெரும்பாலும் 60 ஆய்வேட்டுக்கே போகும். 12 மாதம் என்று பெயர்தான். வகுப்பு, தேர்வு, எழுதும் காலம் எல்லாம் கழித்தால் களத்தில் நிற்க ஆறிலிருந்து எட்டு வாரம் மிஞ்சும். அதனால் முதல் பருவம் முடிவதற்குள் கேள்வியை முடிவு செய்துவிடுங்கள்.

'காடழிப்பும் பழங்குடிகளும்' என்பது கேள்வியே அல்ல, நூலக அலமாரி. 'இந்த ஊரில் மீன்பிடித் தடைக்காலத்தை முடிவு செய்வது யார், மீறினால் என்ன நடக்கிறது' என்பது எட்டு வாரத்தில் அடங்கும். கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் எண்ணிக் கணக்கெடுக்கவும் ஏதாவது இருக்கிறதா என்று சோதியுங்கள். மூன்றும் இல்லையென்றால் கேள்வியை மாற்றுங்கள்.

களத்தின் எல்லையையும் யோசியுங்கள். மானிடவியலாளர் ராய் ராப்பபோர்ட் 1962–63இல் நியூகினியின் மாரிங் மக்களிடையே உணவையும் பன்றிகளையும் அளந்து, சடங்கு சூழலைச் சமநிலையில் வைக்கிறது என்று வாதிட்டார். அளவீடுகளைப் பாராட்டியவர்கள்கூட, அந்த ஊரை வெளியுலகத் தொடர்பில்லாத தீவுபோல் பார்த்துவிட்டார் என்று விமர்சித்தார்கள். உங்கள் முன்மொழிவில் சந்தை, வனத்துறை, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு என்று வெளியிலிருந்து முடிவெடுப்பவர்கள் யார் என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

அனுமதி மூன்று வகை: பல்கலைக்கழக அறநெறிக் குழு, அந்த நாட்டு அரசு, அந்த மக்கள். ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்த மாதிரி ஆகாது. ஊர்த் தலைவர் தலையாட்டினால் எல்லோரும் சம்மதித்ததாகவும் ஆகாது. ஒவ்வொருவரிடமும் தனியே கேளுங்கள். மரபணு ஆய்வுக்காகச் செடி சேகரிப்பதாக இருந்தால் 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையும் குறுக்கே வரும். மரபணு வளங்களை எடுப்பதற்கும் அதன் பலனைப் பகிர்வதற்கும் ஆன சர்வதேச ஒப்பந்தம் அது. மரபறிவும் அதன் வரம்புக்குள் உண்டு. அனுமதி வர மாதக்கணக்காகும் என்று தெரிந்தால் சேகரிப்பைக் கைவிடுங்கள், ஆய்வைக் கைவிட வேண்டாம்.

களத்தில் முதல் வாரத்துக்கு ஏற்ற வழி, மக்களிடம் பட்டியல் கேட்பது. 20 முதல் 30 பேரிடம், தனித்தனியாக, ஒரே வாக்கியத்தில்: 'இங்கே மருந்துக்குப் பயன்படும் செடிகளைச் சொல்லுங்கள்.' சொன்ன வரிசையிலேயே எழுதுங்கள். எத்தனை பேர் சொன்னார்கள், எவ்வளவு முன்னால் சொன்னார்கள் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு செடியின் முக்கியத்துவத்தைக் கணிப்பார்கள். பக்கத்தில் யாராவது நின்று எடுத்துக்கொடுத்தால் அந்தப் பட்டியல் கெட்டது, கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கே பலர் சறுக்கும் இடம், ஒரு ஊர்ப்பெயருக்கு ஒரு தாவர இனம் என்று எண்ணிக்கொள்வது. பிலிப்பைன்ஸின் ஹனுனோ மக்கள் 1,600க்கும் மேற்பட்ட செடி வகைகளைப் பெயர் சொல்லிப் பிரிப்பதை மானிடவியலாளர் ஹெரால்டு காங்க்லின் பதிவு செய்தார். அதே நிலத்துக்குத் தாவரவியலாளர் போட்ட இனக் கணக்கு அதைவிடக் குறைவு. இரண்டும் தனித்தனிப் பாகுபாடு. ஒன்றை மற்றதன் பிழையாகத் திருத்தக் கூடாது. இனப்பெயர் உறுதியாக வேண்டுமானால் பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாளுக்கு இடையே வைத்து அழுத்தி உலர்த்துங்கள். சேகரிப்பு எண், தேதி, இடம், ஊர்ப்பெயர் நான்கையும் அன்றே எழுதுங்கள். செய்தித்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

கடைசியாக ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரமாகும். மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். 20 நேர்காணல் என்றால் சுமார் 100 மணி நேரம், அதாவது முழுதாக இரண்டரை வாரம். இந்தக் கணக்கைப் போடாதவர்கள் எழுத வேண்டிய மாதத்தில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார்கள். 12 நீண்ட நேர்காணல் போதும். மற்றவற்றுக்குக் குறிப்பேடு, அதுவும் அன்று இரவே விரித்து எழுதியது.