ஸ்டாப் மோஷனில் மினுக்கல்: கோளாறு லென்ஸில் இருந்தது

ஸ்டாப் மோஷனுக்காக, அதாவது பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்து வீடியோவாகக் கோப்பதற்காக, விலை குறைவான பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று வாங்கினேன். நொடிக்கு 12 படம் வைத்து ஓட்டினால் வெளிச்சம் மினுக்கியது. ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எல்லாமே கேமரா தானாக மாற்றாதபடி மேனுவலில்தான் இருந்தன. ஜன்னலை மூடினேன், பல்பை மாற்றினேன், என் மேல் பட்டு வெளிச்சம் பிரதிபலிக்காமலிருக்கக் கறுப்புச் சட்டைகூடப் போட்டுப் பார்த்தேன். நான்கு நாள் போனது.

அப்புறம் தற்செயலாக அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து எடுத்தேன், மினுக்கல் இல்லை! துளையைச் சிறிதாக்கி எஃப் 8-இல் வைத்தால், ஆட்டோ லென்ஸ் ஒவ்வொரு கிளிக்குக்கும் துளையைச் சுற்றியுள்ள இதழ்களை அந்த அளவுக்கு மூடித் திறக்கிறது. துளையின் அளவு ஒவ்வொரு முறையும் இம்மியளவு மாறுகிறது. தனிப் புகைப்படத்தில் இது கண்ணுக்கே தெரியாது.

அடாப்டர் போட்டு, துளையின் அளவைக் கையால் திருகி நிலையாக வைக்கும் அப்பர்ச்சர் வளையமுள்ள பழைய மேனுவல் லென்ஸைப் பொருத்தினேன். லென்ஸ் இல்லை என்று கேமரா அடம்பிடித்தது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் மாற்றினேன். மினுக்கல் அடியோடு நின்றது. பெரிய நிம்மதி.