மண் பக்கச் சுவருக்கு உள்ளே அடித்த பெயின்ட்

போன வாரம் கோத்தகிரியில் ஒருவர் தன் புது வீட்டின் கீழ்த்தளத்தைக் காட்டினார். ஹோம்ஸ்டே அறையாக்கப் போகிறாராம். மூலையில் இரண்டு வாளி வாட்டர்புரூஃப் பெயின்ட். குன்னூரில் நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் வாங்கி அடுக்கினேன். வயிறு எரிந்தது.

ஈரம் வரும் கீழ்த்தளத்துக்கு லேமினேட் தரை, ஜிப்சம் போர்டு வேண்டாம் என்பதெல்லாம் தெரிந்த கதை. விடுங்கள். மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

உள்ளே பூசித் தண்ணீரை நிறுத்தப் பார்ப்பது

நம் ஊரில் கீழ்த்தளம் என்றால் சரிவை வெட்டிக் கட்டியது. ஒரு பக்கமாவது மண்ணை அணைத்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே தேயிலைச் சரிவில் இறங்கும் தண்ணீர் அந்தச் சுவருக்குப் பின்னால் தேங்கும். ஒரு மீட்டர் தேங்கினாலே அடியில் சதுர மீட்டருக்கு ஒரு டன் அழுத்தம். வெளிப்பக்கம் பூசியிருந்தால் அந்த அழுத்தமே பூச்சைச் சுவரோடு அமுக்கிப் பிடிக்கும். உள்ளே பூசினால் பிய்த்துத் தள்ளும்.

நான் உள்ளே மூன்று கோட் அடித்தேன். கோடை முழுக்கப் பளபளத்தது. கார்த்திகையில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது, குத்தினால் தண்ணீர். அதை மறைக்கப் பிவிசி பேனல் அடித்தேன் பாருங்கள், அதுதான் பெரிய கூத்து. கழற்றினால் பின்னால் முழுக்கக் கரும்பூஞ்சை. "காய்ச்சல்காரனுக்குப் பவுடர் போட்டு விட்டிருக்கீங்க, சார்" என்றார் கொத்தனார்.

அப்புறம் வெளியே தோண்டி, சுவரில் பூச்சு பூசி, அடியில் துளை போட்ட பைப் பதித்து, ஜல்லி நிரப்பி, தண்ணீரைக் கீழ்ச்சரிவுக்குத் திருப்பினோம். முதல் செலவைப் போல மூன்று மடங்கு. தோண்டுவதென்றால் மாசி, பங்குனியில், கொஞ்சம் கொஞ்சமாக. மழையில் தோண்டினால் மண் சரியும். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு போதும். ஈரம் வந்தாலும் காய்ந்துவிடும்.

சுவர் டைலைத் தரைக்குப் போடுவது

தரைக்கு விட்ரிஃபைடு டைல், அதாவது அதிகச் சூட்டில் இறுகச் சுட்டது. அது உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்துக்குள். சாதாரணச் சுவர் டைல் 10 சதவீதத்தைத் தாண்டும். பளபளப்பில்லாத மேட் வாங்குங்கள், ஈரத்தில் அவ்வளவாக வழுக்காது. இடுக்குகளை அடைக்க எபாக்சி பிசின் கலவை.

வாட்டம் பார்க்காத தரை

தண்ணீர் வடியத் தரைச் சரிவு நூறடிக்கு ஓரடி. டைல் ஒட்டும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

தாழ்வான பிளக் பாயின்ட்

நாலடிக்குக் கீழே கூடாது.

கோத்தகிரிக்காரர் எல்லாம் கேட்டுவிட்டு, பெயின்ட் வாளியைக் கடையில் திருப்பி எடுப்பார்களா என்றார். சீல் உடைக்கவில்லை என்றால் எடுப்பார்கள். ஒன்றை உடைத்திருந்தார்.