வெயிலில் நிற்கும் காருக்கு வேக்ஸ்: தேர்வும் பூசும் முறையும்

இன்றைய கார்களில் நம் கண்ணுக்குத் தெரியும் பளபளப்பு, நிறப் பூச்சினுடையதன்று. அதன் மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற படலம் ஒன்று இருக்கிறது, பளபளப்பு அதற்குரியது. அந்தப் படலத்தின் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரைதான், அதாவது ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. காக்கை எச்சம், மரத்துப் பிசின், கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று ஆகியவை முதலில் தாக்குவது இதைத்தான். வேக்ஸ் என்பது இதன் மேல் நாமாகப் பூசும் இன்னொரு மெல்லிய தோல். அடிபடுவது, கரைவது, தேய்வது எல்லாம் அதற்கு நேர்ந்தால் அடியில் உள்ள கிளியர் கோட் தப்பிக்கும். ஆகவே சில மாதங்களில் வேக்ஸ் போய்விட்டதே என்று வருந்த வேண்டியதில்லை, அது போவதற்காகவே பூசப்படுகிறது.

கடைக்குப் போகுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பாலிஷ் வேறு, வேக்ஸ் வேறு. பாலிஷில் நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் உண்டு. அது கிளியர் கோட்டைச் சிறிதளவு சீவித்தான் கீறலை மறைக்கிறது. வாட்டர் வாஷ் கடைகளில் இரண்டையும் சேர்த்து ‘வேக்ஸ் பாலிஷ்’ என்று சொல்லிவிடுவதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரப்பிங் எனப்படும் தேய்ப்புப் பாலிஷைப் போட்டுவிட்டுக் காரைப் பாதுகாத்துவிட்டதாக நினைப்பவர்கள் பலர். டப்பாவின் மேல் ‘கிளீனர் வேக்ஸ்’ என்று இருந்தால் அதிலும் பெரும்பாலும் தேய்ப்புத் துகள் இருக்கும். மங்கிப்போன பழைய வண்டிக்கு அது பயன்படலாம், புது வண்டிக்குத் தேவையில்லை.

தேர்வு என்று பார்த்தால் முதன்மையாக இரண்டு வகைகள். ஒன்று கார்னோபா, வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் மெழுகு. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது, 80 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். ஆனால் டப்பாவில் வருவது எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் கலந்த குழைவு என்பதால் அந்த உறுதியை அப்படியே எதிர்பார்க்க முடியாது. நம் வெயிலில் ஆறு முதல் எட்டு வாரம் நின்றால் நல்லது. கறுப்பு, அடர் சிவப்பு வண்டிகளுக்கு அது தரும் ஆழமான மினுமினுப்பு தனி அழகு. மற்றொன்று பாலிமர் சீலன்ட் எனப்படும் செயற்கை வகை. நான்கு முதல் ஆறு மாதம் வரை தாங்கும், வெப்பத்தில் எளிதில் இளகாது. ஷெட்டில் நிற்கும் காருக்கு கார்னோபாவும், தெருவிலோ அலுவலகத் திறந்தவெளியிலோ நாள் முழுதும் காயும் காருக்குச் சீலன்டும் வாங்குவதே என் பரிந்துரை. ஸ்ப்ரே வேக்ஸ் இடைக்காலப் பராமரிப்புக்கு மட்டுமே போதுமானது. பளபளப்பில்லாத மேட் பூச்சு உள்ள வண்டிக்கு இவற்றில் எதையும் பூசக் கூடாது, ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் பளபளக்கும்.

வேலையின் பெரும்பகுதி பூசுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பாத்திரம் தேய்க்கும் லிக்விடைத் தவிர்த்து, காருக்குரிய ஷாம்புவால், இரண்டு வாளிகள் வைத்துக் கழுவுங்கள். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் கழுவும் கையுறையை அலசும் வெறும் நீர். அலசும் வாளியின் அடியில் கடைசியில் படிந்திருக்கும் மணலைப் பார்த்தால், ஒரே வாளியில் கழுவியிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்பது விளங்கும். போர்வெல் தண்ணீர் என்றால் வெயிலில் தானாகக் காயவிடாமல் உடனே துடைக்க வேண்டும். இல்லையேல் உப்பு வட்டங்கள் பதிந்து, வேக்ஸ் அவற்றின் மேலேயே மூடிக்கொள்ளும்.

துடைத்தபின் ஒரு மெல்லிய கேரி பேக்கை விரல்களில் மாட்டிக்கொண்டு பானட்டின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், ரவை தூவியதுபோல் நறநறக்கும். பெயிண்டில் ஒட்டிக்கொண்ட தார்ப்புள்ளி, பிரேக் தூசி, தொழிற்சாலைப் புகைத்துகள் ஆகியவையே அவை. ஒட்டிய துகள்களை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரை ஷாம்பு நீரால் நன்றாக வழுக்கவிட்டு, அழுத்தாமல் தேய்த்தால் போய்விடும். கிளே தரையில் விழுந்துவிட்டால் விலையைப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும் கதவு முழுதும் கோடு போட.

பூசுவதற்கு நிழலும், தொட்டால் குளிர்ந்திருக்கும் தகடும் தேவை. மார்கழி விடியலில் பனி இறங்கும் நேரம் ஆகாது, ஈரத்தில் வேக்ஸ் காயாது. கறுப்புப் பிளாஸ்டிக் பீடிங்குகளின் மேல் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பிளாஸ்டிக்கில் பட்ட வேக்ஸ் வெண்கறையாக நின்றுவிடும். ஒரு கதவுக்குச் சுண்டைக்காய் அளவு போதும். ஸ்பாஞ்சில் எடுத்து, ஒரு தகட்டை மட்டும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி மெல்லியதாகப் பூச வேண்டும். கனமாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காது. மிகுதி முழுவதும் துணியோடு போய்விடும், கைவலிதான் மிச்சம்.

சில நிமிடங்களில் அது திருநீறு பூசியதுபோல் வெளுக்கும். ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள். இழுத்த இடம் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம். பிசுபிசுவென்று இழுபட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். சில சீலன்டுகளுக்கு நேரக் கணக்கு வேறு என்பதால் டப்பாவில் உள்ள குறிப்பையும் படித்துவிடுவது நல்லது. மைக்ரோஃபைபர் துணியின் ஒரு பக்கத்தால் எடுத்து, மறுபக்கத்தால் மெருகேற்றுங்கள். முதன்முறை நான் வண்டி முழுவதற்கும் ஒரே மூச்சில் பூசிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் வெயில் பானட்டின் மேல் ஏறி, வேக்ஸ் ஓடாக இறுகிவிட்டது. அந்த நிலை நேர்ந்தால் சுரண்டக் கூடாது. அதே வேக்ஸை மெல்லியதாக மேலே பூசினால் பழையது இளகி இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

டிங்கரிங் பட்டறையில் புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதிக்கு மட்டும் பட்டறைக்காரர் சொல்லும் காலம்வரை, பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம், வேக்ஸ் வேண்டாம். பூச்சிலுள்ள கரைப்பான் முழுதும் வெளியேற வேண்டும். தொழிற்சாலையிலேயே சூளையில் சுடப்பட்டு வரும் புதுக் காருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

சென்னைப் பக்கம் பங்குனியில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறையும் சீலன்ட் பூசினால் ஆண்டு ஓடிவிடும். இடையில் சந்தேகம் வந்தால் ஒரு குவளைத் தண்ணீரைக் கூரையில் ஊற்றிப் பார்க்கலாம்: தாமரை இலையில்போல் முத்து முத்தாக உருண்டால் வேக்ஸ் இருக்கிறது, ஒரே பாயாகப் பரந்து நின்றால் தீர்ந்துவிட்டது. வேக்ஸ் இருந்தாலும் காக்கை எச்சத்தை மாலைவரை விட்டுவைக்கக் கூடாது. ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன் மேல் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.