ரேடியேட்டருக்குள் துரு: வீட்டு வெப்பமூட்டும் அமைப்பைக் கழுவுவதும் காப்பதும்

குளிர்காலம் தொடங்கி, நீரைச் சூடாக்கும் பாய்லரை முதன்முறையாக ஓட்டும் நாளில், அந்த வெந்நீர் உள்ளே ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் எல்லாவற்றையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. மேற்பகுதி குளிர்ந்தும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்றோ வேறு வாயுவோ தங்கியிருக்கிறது. மேலே சூடாக இருந்து அடிப்பகுதி, அதிலும் நடுப்பாகம், குளிர்ந்து கிடந்தால் அங்கே சேறு படிந்திருக்கிறது. ரேடியேட்டர் முழுவதுமே குளிர்ந்திருந்தால் துருவைச் சந்தேகிப்பதற்கு முன் அதன் வால்வு இறுகிப் போயிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தச் சேறு வெளியிலிருந்து வந்த மண் அன்று. ரேடியேட்டரின் எஃகே சிறிது சிறிதாகக் கரைந்து எடுத்த வேறு உருவம். மூடிய குழாய்களுக்குள் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் நிலையில், இரும்பு நமக்குப் பழக்கமான செந்துருவாக மாறாமல் மேக்னடைட் என்னும் கருந்துருவாக மாறுகிறது. அது நீரைவிட ஐந்து மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே ஓட்டம் மெதுவாகும் ரேடியேட்டரின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காந்தத்தில் ஒட்டும் தன்மையும் அதற்கு உண்டு. அதனால் பம்பின் சுழலியில் ஒட்டித் தேய்மானத்தையும் உண்டாக்குகிறது. கருந்துரு உருவாகும்போதே ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கிறது. எங்கும் கசிவு இல்லாத வீட்டிலும் ஒரே ரேடியேட்டரின் தலையில் அடிக்கடி வாயு சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால், அந்த வாயுவை வெளியேற்ற ரேடியேட்டரின் மேல்முனையில் உள்ள காற்றுத் திருகைத் திறக்கும்போது அருகில் மெழுகுவர்த்தியோ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

அமைப்பு ஆறியிருக்கும் நேரத்தில் கீழ்த்தளத்து ரேடியேட்டர் ஒன்றின் காற்றுத் திருகைச் சாவியால் கால் சுற்றுத் திறந்து, ஒரு வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் நீர் பிடியுங்கள். தெளிந்த நீர் என்றால் கவலையில்லை. மை கலந்தது போலக் கறுத்திருந்தால் கருந்துரு ஓடிக்கொண்டிருக்கிறது. செங்கல் நிறத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: எங்கிருந்தோ புதிய ஆக்சிஜன் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்பதே அந்த நிறத்தின் பொருள்.

பலரும் இந்த இடத்தில் கடைக்குப் போய்க் கழுவும் திரவம் ஒன்றை வாங்கி வந்து ஊற்றிவிடுகிறார்கள். ஆக்சிஜன் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கழுவுவது, ஓட்டைப் படகில் நீரை இறைப்பதற்கு ஒப்பானது என்பது என் கருத்து. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும். குளிர்ந்த குழாய்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 100 லிட்டர் கொள்ளும் அமைப்பை ஒருமுறை நிரப்பினால் உள்ளே போகும் ஆக்சிஜன் 1 கிராம். அது முழுவதும் இரும்போடு சேர்ந்தாலும் மூன்றரை கிராம் அளவுக்கே கருந்துரு உண்டாகும், அதாவது ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. ஆனால் அடைபட்ட ரேடியேட்டரைக் கழற்றினால் வாளியில் கெட்டியாகச் சேறு இறங்குகிறது. ஒருமுறை நிரப்பிய நீரிலிருந்து அவ்வளவும் வந்திருக்க முடியாது. ஆண்டுக்கணக்காக யாரும் கவனிக்காமல் புதிய நீரோ காற்றோ உள்ளே புகுந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

புகும் வழிகளில் முதலில் பார்க்க வேண்டியது அழுத்தமானி. அழுத்தத்தில் இயங்கும் மூடிய அமைப்பில், ஆறியிருக்கும்போது முள் பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை நிற்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை அது இறங்குவதும், வீட்டுக்காரர் நிரப்புக் குழாயைத் திறந்து நீரைச் சேர்ப்பதும் வழக்கமாகிவிட்டிருந்தால், அந்த வழக்கமே நோய். வால்வுகளின் மரைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கசியும் நீர் சூட்டில் உடனே உலர்ந்துவிடுவதால் தரையில் ஈரம் தென்படாமலே போகலாம். கசிவு எங்கும் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் விரிவுத் தொட்டியின் மேல் விழ வேண்டும். நீர் சூடாகி விரியும்போது அதற்கு இடம் கொடுப்பதற்காக, ரப்பர் சவ்வுக்குப் பின்னால் அழுத்தக் காற்றை அடக்கி வைத்திருக்கும் தொட்டி அது. அந்தக் காற்று இறங்கிப் போனால், பாய்லர் ஓடும்போது அழுத்தம் விறுவிறுவென்று ஏறி, வழக்கமாக 3 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வு வழியாக நீர் வெளியே கொட்டிவிடும். ஆறியதும் முள் சுழியத்துக்கு அருகில் வந்து நிற்கும். நிரப்புவதும் கொட்டுவதுமாக இந்தச் சுற்று தொடரத் தொடர, ஒவ்வொரு முறையும் புதிய ஆக்சிஜன் உள்ளே போகிறது. அந்த வால்விலிருந்து வந்து சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயின் முனை ஈரமாக இருந்தால் இதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

பரணில் திறந்த தொட்டி வைத்த பழைய அமைப்புகளில், சூடான நீர் மேல் குழாய் வழியாக அந்தத் தொட்டியிலேயே கொட்டிக் காற்றை வாரிக்கொண்டு திரும்புவது உண்டு. பாய்லர் ஓடும்போது தொட்டி நீர் வெதுவெதுப்பாகவும் செந்நிறமாகவும் இருந்தால் குழாய் அமைப்பையே திருத்த வேண்டும், மருந்தால் தீராது. ஆக்சிஜன் தடுப்புப் படலம் இல்லாத பழைய பிளாஸ்டிக் குழாய்களும் தம் சுவர் வழியாகவே காற்றை உள்ளே விடும்.

வழியை அடைத்த பிறகே கழுவும் வேலை. ஒன்றிரண்டு ரேடியேட்டர்கள் மட்டும் அடைபட்டிருந்தால் அவற்றைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவுவதே எல்லாவற்றிலும் பலனுள்ள முறை. பாய்லரை நிறுத்தி, நீர் ஆறும் வரை காத்திருந்து, இரு பக்க வால்வுகளையும் மூடுங்கள். ஒரு பக்கத்தில், ரேடியேட்டருக்குள் ஓடும் நீரின் அளவை மட்டுப்படுத்தும் மூடியிட்ட சமன் வால்வு இருக்கும்; அதை மூடும்போது எத்தனை சுற்றில் மூடியது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே அளவு திறந்தால்தான் மற்ற அறைகளின் சூடு கலையாமல் இருக்கும். மறுபக்கத்தில் அறையின் சூட்டுக்கு ஏற்பத் தானாகவே திறந்து மூடும் தானியங்கி வெப்ப வால்வு இருந்தால், அதன் குமிழை மூடிய நிலைக்குத் திருப்பியதோடு நின்றுவிடக் கூடாது. அறை மிகவும் குளிர்ந்தால் உறைவதைத் தடுக்க அது தானாகவே திறந்துகொள்ளும்; ஆகவே குமிழைக் கழற்றிவிட்டு அதற்குரிய திருகு மூடியை மாட்டி இறுக்குங்கள். பிறகு வால்வை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் இணைப்பு நட்டைத் தளர்த்தி, கீழே அகலமான தட்டு வைத்து நீரை வடியுங்கள். காற்றுத் திருகைத் திறந்தால்தான் நீர் முழுவதும் இறங்கும்.

நான் முதன்முறை இதைச் செய்தபோது, நீர் முழுக்க வடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் ரேடியேட்டரைச் சாய்த்துத் தூக்கினேன். அடியில் பிடித்திருந்த சேறு ஒரு பக்கமாக வழிந்து, படுக்கையறைக் கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புத் திட்டாக விழுந்தது. எத்தனை முறை தேய்த்தும் போகவில்லை. கட்டிலை அரை அடி நகர்த்தி மறைத்ததோடு சரி. தூக்குவதற்கு முன் இரண்டு வாய்களையும் துணியால் அடைத்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே வைத்து, ஒரு வாயில் ரப்பர் குழாயைச் செருகி நீரைப் பீய்ச்சி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் முதலில் தார் போலவும் பிறகு சாம்பல் நிறமாகவும் இறங்கி, கடைசியில் தெளியும்.

அமைப்பு முழுவதுமே கறுத்திருந்தால் கழுவும் மருந்து தேவைப்படும். அதை ஊற்றி, எல்லா வால்வுகளையும் திறந்து வைத்துப் பாய்லரை ஓட்ட வேண்டும். சில மருந்துகளுக்குச் சில மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் என்று புட்டியிலேயே போட்டிருக்கும். பிறகு மின்சாரத்தை அணைத்து ஆறவிட்டு, மிகத் தாழ்ந்த இடத்திலுள்ள வடிகால் திருகில் ரப்பர் குழாயை மாட்டிக் கழிவுநீர்ச் சாக்கடையில் வடியுங்கள். மழைநீர் வடிகாலிலோ செடிகளின் வேரிலோ விடக் கூடாது. அதன் பின் ஒரு ரேடியேட்டரை மட்டும் திறந்து மற்றவற்றை மூடிவிட்டால் முழு நீரோட்டமும் அதன் வழியே பாயும். இப்படி ஒவ்வொன்றாக, வெளியே வரும் நீர் குழாய்நீரைப் போல் தெளியும் வரை அலச வேண்டும். இந்தக் கடைசி அலசலில் அவசரப்படுகிறவர்களே அதிகம். மிஞ்சிய கழுவும் மருந்து பின்னால் ஊற்றும் காப்பு மருந்தின் பலனைக் கெடுப்பதோடு, தானே உலோகத்தைத் தின்னவும் தொடங்கிவிடும்.

வலுவான பம்பால் அலசும் இயந்திர முறை, ஆள் வைத்துச் செய்ய வேண்டியது. மிகப் பழைய, மெலிந்துபோன ரேடியேட்டர்கள் உள்ள வீட்டில் அதற்கு இணங்குவதற்கு முன் யோசியுங்கள்: ஊசித்துளைகளைத் துருவே அடைத்துக்கொண்டிருக்கும்; துரு போனால் துளை வாய் திறக்கும். எரிவாயுப் பாய்லரின் உறையைத் திறக்கும் எந்த வேலையும் உரிமம் பெற்றவருக்கே உரியது.

காப்பைப் பொறுத்தவரை இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, நீர் பாய்லருக்குத் திரும்பும் குழாயில் பொருத்தும் காந்த வடிகட்டி. அது துருவை நிறுத்தாது, பிறந்த துருவைப் பிடித்து மட்டுமே வைக்கும். ஆயினும் பாய்லருக்குள் நெருப்பின் சூட்டை நீருக்கு மாற்றும் குறுகிய வெப்பப் பரிமாற்றியைக் காப்பாற்றுவது அதுவே. கழுவிய முதல் மாதங்களில் அடிக்கடியும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் அதைத் திறந்து துடைக்க வேண்டும். மற்றொன்று, உலோகத்தின் உட்புறத்தில் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும் துருத்தடுப்பு மருந்து. சாதாரண வீட்டு அமைப்புக்கு, அதாவது 100 லிட்டர் அளவுக்கு, ஒரு புட்டி என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். தரைக்கடியில் குழாய் ஓடும் வீடுகளுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். சிக்கனம் பார்த்துக் குறைத்து ஊற்றுவது ஊற்றாமல் விடுவதைவிடக் கெடுதலாக முடியலாம். சில வகை மருந்துகள் போதிய அளவு இல்லாதபோது படலத்தை அங்கங்கே மட்டும் உண்டாக்கி, விடுபட்ட புள்ளிகளில் அரிப்பு முழுவதையும் குவித்துத் துளை போட்டுவிடும். அலுமினிய வெப்பப் பரிமாற்றி உள்ள பாய்லர் என்றால், நீரின் காரத்தன்மை அதிகமானால் அலுமினியம் கரையும் என்பதால், அதற்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட மருந்தையே வாங்குங்கள். இரு வேறு தயாரிப்பாளர்களின் மருந்துகளை ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

மருந்தை வடிகட்டியின் வாய் வழியாகவோ காலியாக உள்ள ரேடியேட்டரின் மேல் திருகு வழியாகவோ ஊற்றிவிட்டு, நீரை மெதுவாக நிரப்பி, கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் நோக்கி ஒவ்வொன்றாகக் காற்றைப் போக்குங்கள். பாய்லரை நன்றாகச் சூடாக ஓட்டி, நிறுத்தி, ஆறியதும் மறுபடியும் காற்றைப் போக்கி அழுத்தத்தைச் சரிசெய்து, நிரப்புக் குழாயின் இணைப்பை முழுவதும் துண்டித்துவிடுங்கள். தேதி, மருந்தின் பெயர், அளவு மூன்றையும் எழுதிப் பாய்லரின் பக்கத்திலேயே ஒட்டி வைத்தால் அடுத்து வரும் பணியாளருக்கும் உதவும்.

பிரிட்டனில் கடைப்பிடிக்கப்படும் பி.எஸ். 7593 என்ற நெறிமுறை, ஆண்டுதோறும் நீரைச் சோதிக்கவும், முழுமையான பரிசோதனை செய்யாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மருந்தைப் புதுப்பிக்கவும் சொல்கிறது. நிறம் மாறும் சோதனைத் தாள் கிடைக்காவிட்டால் இரண்டு கண்ணாடிப் புட்டிகள் போதும். ஒன்றில் ரேடியேட்டர் நீரும் மற்றொன்றில் குழாய்நீரும் ஊற்றி, முலாம் பூசாத புதிய இரும்பு ஆணி ஒவ்வொன்றைப் போட்டு மூடி வையுங்கள். சில நாளில் குழாய்நீரில் கிடக்கும் ஆணியைச் சுற்றிச் செம்மை படரும். ரேடியேட்டர் நீரில் கிடப்பது அப்போதும் பளபளவென்று இருந்தால் மருந்து வேலை செய்கிறது. இரண்டும் ஒன்றுபோலச் சிவந்தால், இன்னொரு புட்டி வாங்குவதற்கு முன் அழுத்தமானியிடம் போய் நில்லுங்கள்.