தொட்டி மரத்தை ராத்திரி வர்ற விலங்குகள்கிட்ட இருந்து காப்பாத்துறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

சாயங்காலம் பார்த்தப்ப நல்லா இருந்த எலுமிச்சை, காலைல தண்ணி ஊத்தப் போறப்ப தோல் மொத்தமும் காணாம மொட்டையா காம்புலயே தொங்கிட்டு இருந்துச்சு. உள்ள சுளையில ஒரு பல்லு கூட படல, மஞ்சத் தோலை மட்டும் சுத்திச் சுத்தி உரிச்சிருக்கு. அன்னைக்கு நான் அதைப் பெருசா எடுத்துக்கல, ஒரு பழம் போனா போகுதுன்னு விட்டுட்டேன். ஆனா அடுத்த வாரமே அடிமரத்துப் பட்டையை ஒரு விரல் அகலத்துக்கு வளையம் போட்ட மாதிரி சுத்திக் கடிச்சு வச்சிருந்துச்சு, மரமும் இலையெல்லாம் பச்சையா மூணு வாரம் நின்னுட்டு, அப்புறம் மடமடன்னு காஞ்சு போச்சு. ரெண்டு வருஷம் வளர்த்த மரம்ங்க அது. அதுக்கப்புறம்தான் இதையெல்லாம் ஒழுங்கா கத்துக்கிட்டேன், உங்க மரத்துக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் இவ்வளவு விவரமா எழுதுறேன்.

மூணு வாரம் பச்சையா நின்னது ஏன்னு கேட்டா, வேர்ல இருந்து தண்ணி மேல போறது உள்பக்கக் கட்டை வழியா, இலை தயாரிக்கிற சாப்பாடு கீழ வேருக்கு இறங்குறது பட்டை வழியா. பட்டையை வளையமா எடுத்துட்டா தண்ணி மேல போயிட்டே இருக்கும், ஆனா வேர் பட்டினி கிடக்கும். அதனால இலை பச்சையா இருக்குன்னு நம்பி உக்காந்திருக்காதீங்க, அடிமரத்தைக் குனிஞ்சு பாருங்க.

ஸ்டெப் 1: வர்றது யாருன்னு கண்டுபிடிங்க

எல்லாரும் நேரா வலை வாங்கத்தான் ஓடுவாங்க, நானும் அப்படித்தான் ஓடினேன். ஆனா எலிக்குப் போடுற தடுப்பு வேற, வௌவாலுக்கு வேற, முயலுக்கு வேற. யாருன்னு தெரியாம செலவு பண்ணா பாதிப் பணம் வீண்.

மரத்துல அது விட்டுட்டுப் போற அடையாளத்தைப் பாருங்க. எலுமிச்சைல தோல் மட்டும் போயிருந்தா, இல்ல ஆரஞ்சு மாதிரி பழத்துல ஒரு ஓட்டை போட்டு உள்ள மொத்தமும் சுரண்டித் தின்னுட்டு வெறும் கூடு தொங்கிட்டு இருந்தா, அது எலிதான். பட்டையில சின்னச் சின்னதா ஜோடி ஜோடியா பல்லுக் கோடு இருந்தாலும் எலிதான், அதோட முன் பல்லு வாழ்நாள் பூரா வளர்ந்துக்கிட்டே இருக்கிறதால எதையாவது கடிச்சுக்கிட்டேதான் இருக்கும். இளங்கிளை கத்தியால சாய்வா வெட்டின மாதிரி சுத்தமா அறுந்திருந்தா முயல். அதே கிளை நார் நாரா கிழிஞ்சு தொங்கினா மான், அதுக்கு மேல் தாடையில முன் பல்லு கிடையாது, அதனால வெட்ட முடியாது, பிடிச்சு இழுத்துக் கிழிக்கும். மரத்தடில சப்பிப் போட்ட நார் உருண்டை கிடந்தா பழந்தின்னி வௌவால், சாறை மட்டும் உறிஞ்சிட்டு சக்கையைத் துப்பிடும். இலையில கோணல் மாணலா ஓட்டை, தொட்டி விளிம்புல வெள்ளி மாதிரி மினுக்குற கோடு, இது நத்தை.

அப்படியும் புரியலன்னா படுக்கப் போறதுக்கு முன்னாடி தொட்டியைச் சுத்தி சாம்பலை மெல்லிசா தூவி விடுங்க, காலைல காலடி பதிஞ்சிருக்கும். எலியோட முன்னங்கால்ல நாலு விரல், பின்னங்கால்ல அஞ்சு. எனக்கு சாம்பல்லதான் உறுதியாச்சு, காலடிகளுக்கு நடுவுல வால் இழுத்த கோடு கூட தெரிஞ்சுது.

ஸ்டெப் 2: தொட்டியை நகர்த்துங்க

தரையில நட்ட மரத்துக்கு இல்லாத வசதி தொட்டி மரத்துக்கு இருக்கு, இடம் மாத்தலாம். காசே ஆகாத வேலை இது, ஆனா நிறைய பேர் பண்றதில்ல.

எலி நின்ன இடத்துல இருந்து நேர் மேல ரெண்டரை மூணு அடி எகிறும், பக்கவாட்டுல நாலு அடி வரை தாண்டும். அதனால சுவர், கைப்பிடிக் கம்பி, துணி காயப்போடுற கயிறு, பக்கத்து மரக்கிளை எல்லாத்துல இருந்தும் அஞ்சு அடியாவது தள்ளி வைங்க, துணிக்கயிறு எலிக்கு ரோடு மாதிரி. பெரிய தொட்டின்னா சக்கரம் வச்ச பலகை மேல ஏத்திட்டா ஒரு ஆளே நகர்த்திடலாம். விறகு, பழைய சாமான், காஞ்ச இலைக் குவியல் பக்கத்துல இருந்தா முதல்ல அதைக் காலி பண்ணுங்க, அங்கதான் பகல்ல பதுங்கி இருக்கும். விழுந்த பழத்தை இருட்டுறதுக்குள்ள பொறுக்கிடுங்க. நாய் பூனைக்கு வச்ச சாப்பாட்டுத் தட்டையும் ராத்திரி வெளிய விடாதீங்க.

ஸ்டெப் 3: தொட்டி மண்ணை மூடுங்க

காலைல மண்ணெல்லாம் தோண்டி வெளிய இறைஞ்சு வேர் தெரியுதுன்னா, பெரும்பாலும் நீங்க போட்ட உரம்தான் காரணம். எலும்புத் தூள், மீன் உரம், சமையலறைக் கழிவு இதோட வாசனைக்கு தோண்டாத விலங்கே கிடையாது. அப்படிப்பட்ட உரத்தை மேல தூவாம ரெண்டு மூணு அங்குலம் கீழ தள்ளி மூடுங்க, இல்ல கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்க.

அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை தொட்டி வாய் அளவுக்கு வட்டமா வெட்டி, ஓரத்துல இருந்து நடு வரைக்கும் ஒரு வெட்டு, நடுவுல அடிமரத்தை விட நாலு விரல் பெருசா ஒரு ஓட்டை, அவ்வளவுதான், சட்டைக் காலர் மாதிரி மரத்தைச் சுத்திப் போட்டு மேல ரெண்டு மூணு கனமான கல்லை வைங்க. தண்ணி தாராளமா இறங்கும், தோண்ட முடியாது. காஞ்ச இலை, வைக்கோல் மூடாக்கு போடுறவங்க அதை அடிமரத்துல ஒட்டி குவிக்காதீங்க, சுண்டெலி அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு நிம்மதியா பட்டையைக் கடிக்கும்.

ஸ்டெப் 4: அடிமரத்துக்கு கம்பிக் கூடு

இது ஒண்ணை மட்டுமாவது இன்னைக்கே பண்ணிடுங்க. பழம் போனா அடுத்த பருவத்துல வரும், பட்டை போனா மரமே போயிடும்.

வேணும்கிறது துரு பிடிக்காத பூச்சுள்ள கம்பி வலை, கம்பி வெட்டுற பிளேயர், கட்டுக்கம்பி, தடிமனான கையுறை. கையுறை கட்டாயம், வெட்டின கம்பி முனை ஊசி மாதிரி இருக்கும். எலிக்கு அரை அங்குலக் கண்ணு போதும், சுண்டெலி இருந்தா கால் அங்குலம்தான் வாங்கணும், ஏன்னா அது பென்சில் நுழையுற ஓட்டையிலயே நுழைஞ்சிடும். கோழிக்கூண்டுக்குப் போடுற அறுகோண வலை வேண்டாம், கண்ணு பெருசு. பிளாஸ்டிக் வலையும் வேண்டாம், ஒரே ராத்திரில கடிச்சிடும்.

அளவு எப்படின்னா, மரத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் இடைவெளி விடணும். உங்க அடிமரம் 3 சென்டிமீட்டர் தடிமன்னு வைங்க, ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு சேர்த்தா கூட்டோட விட்டம் 13, அதை 3.14 ஆல பெருக்கினா 41 சென்டிமீட்டர், ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திக் கட்ட ஒரு 4 சேர்த்து 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்க. உயரம் முதல் கிளை வரைக்கும். உருளையா வளைச்சு நாலு இடத்துல கட்டுக்கம்பி போட்டு, கீழ் விளிம்பை மண்ணுக்குள்ள ரெண்டு அங்குலம் இறக்குங்க. ஸ்டெப் 3-ல போட்ட காலரோட ஓட்டையை இந்தக் கூட்டோட அளவுக்குப் பெருசாக்கி ரெண்டையும் சேர்த்துக் கட்டிட்டா நடுவுல சந்து இருக்காது. கம்பி முனை எல்லாத்தையும் வெளிப்பக்கமா மடிச்சு விடுங்க, இல்லன்னா காத்துல மரம் ஆடும்போது பட்டையில உரசிக்கிட்டே இருக்கும். மரம் தடிக்கிறப்ப கம்பி இறுக்காம இருக்க நாலு மாசத்துக்கு ஒரு தடவை தளர்த்தி விடுங்க.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, இந்தக் கூடு பட்டையைத்தான் காக்கும். எலி இது மேலயே ஏறி பழத்துக்குப் போயிடும். பழத்துக்கு அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 5: மரம் முழுசுக்கும் கூண்டு, இல்லன்னா வலை

எலிக்கு: நாலு மூங்கில் கம்போ பிவிசி பைப்போ எடுத்து, கிளை நுனியில இருந்து ஒரு சாண் தள்ளி நாலு மூலையிலயும் நிறுத்தி, நாலு பக்கமும் மேலயும் அதே அரை அங்குலக் கம்பி வலையை அடிச்சிடுங்க, ஒரு பக்கம் மட்டும் கதவு மாதிரி திறக்கிற மாதிரி விடுங்க. ஒரு நாள் வேலைதான், ஆனா வருஷக்கணக்கா நிக்கும். இலை கூண்டைத் தொடக்கூடாது, தொட்டா வெளிய இருந்தே கடிக்கும். தேனீ அரை அங்குலக் கண்ணுல சுலபமா நுழையும், அதனால காய் பிடிக்குமாங்கிற கவலை வேண்டாம்.

வௌவாலுக்கு: துணி மாதிரி மெல்லிசா, நெருக்கமா நெய்த வலை. இங்க ரொம்பக் கவனமா இருக்கணும். நான் முதல்ல வாங்கினது பெரிய கண்ணு வச்ச கறுப்பு நைலான் வலை, மரத்து மேல தொளதொளன்னு போர்த்தி விட்டுட்டேன். ரெண்டாவது நாள் விடியக்காலைல ஒரு வௌவால் அதுல மாட்டி, இறக்கைச் சவ்வு நூல்ல முறுக்கி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு. சத்தமே வரல. வனவிலங்கு மீட்கிறவங்க வந்து ஒவ்வொரு நூலா வெட்டி எடுத்தாங்க. ராத்திரி பூரா அது அப்படித் தொங்கினதுக்கு நான்தான் காரணம், அதை இன்னைக்கும் மறக்க முடியல. பாம்பும் ஓணானும் கூட இந்த மாதிரி வலையில மாட்டிச் சாகும்.

அதனால வலை வாங்கும்போது கண்ணுக்குள்ள உங்க விரலை விட்டுப் பாருங்க, விரல் போச்சுன்னா அந்த வலையை வாங்காதீங்க. ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 2021 செப்டம்பர் 1-ல இருந்து இதை சட்டமாவே ஆக்கிட்டாங்க, வீட்டுப் பழமரத்துக்குப் போடுற வலையோட கண்ணு முழுசா இழுத்த நிலையில 5 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது. வெள்ளை வலையா எடுங்க, இருட்டுல விலங்குக்குத் தெரியும். மரத்தைச் சுத்தி கம்புல ஒரு சட்டம் அடிச்சு அதுக்கு மேல முரசுத் தோல் மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டுங்க, கீழ தொட்டியோட சேர்த்து இறுக்கிடுங்க.

நம்ம ஆளுங்க ராத்திரிதானே வர்றாங்க, அதனால பூக்கிற காலத்துல பகல்ல வலையை சுருட்டி வச்சிட்டு இருட்டுறப்ப இறக்கினா போதும், தேனீயும் வரும் வெயிலும் படும். காலைல சுருட்டுறதுக்கு முன்னாடி ஏதாவது மாட்டியிருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. வௌவால் மாட்டியிருந்தா வெறுங்கையால தொடவே தொடாதீங்க, கடிச்சா நோய் தொத்தும், மீட்கத் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க.

நாலஞ்சு பழம்தான் இருக்குன்னா கூண்டெல்லாம் வேண்டாம், நெருக்கமான துணிப் பையை பழம் பழமா மாட்டி காம்புல கட்டுங்க. வௌவாலைத் தடுக்க இது நல்லா உதவும், ஆனா எலி துணியையும் கடிக்கும்.

முயலுக்கு ரெண்டரை அடி உயரக் கம்பி வேலி போதும். மானுக்கு ஏழெட்டு அடி வேணும், அதுக்கு பதிலா ராத்திரி தொட்டியை கதவு உள்ள இடத்துக்குள்ள தள்ளிடுறதுதான் புத்திசாலித்தனம். நத்தைக்கு செம்புப் பட்டை, முட்டை ஓடுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, பிரிட்டன்ல ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டிங்கிற தோட்டக்கலைச் சங்கம் 2018-ல லெட்யூஸ் (சாலட் கீரை) செடில இதையெல்லாம் போட்டு சோதிச்சப்ப, போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசமே தெரியல. டார்ச் எடுத்துக்கிட்டுப் போய் கையால பொறுக்குறதுதான் எனக்கு வேலை செஞ்சுது.

ஸ்டெப் 6: மிளகாய்த் தண்ணி, துணைக்கு மட்டும்

ஒரு லிட்டர் தண்ணில ரெண்டு ஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டு ராத்திரி ஊற வச்சு, துணியில நல்லா வடிகட்டி, சோப்புத் தண்ணி நாலு சொட்டு விட்டு அடிமரத்துலயும் கிளையிலயும் அடிக்கலாம். முதல்ல ஒரே ஒரு இலையில அடிச்சு ஒரு நாள் பாருங்க, கருகலன்னா மத்ததுக்கு அடிங்க. காத்து உங்க பக்கம் வீசுறப்ப வேண்டாம், கண்ணு எரிஞ்சிடும். பாலூட்டிகளுக்குத்தான் அந்தக் காரம் உறைக்கும், பறவைக்கு உறைக்காது. மழை பெஞ்சா திரும்ப அடிக்கணும், பசி அதிகமான விலங்கு இதையும் சகிச்சுக்கிட்டு தின்னும். ஒளிர்ற லைட்டு, பொம்மை ஆந்தை இதெல்லாமும் அப்படித்தான், நாலஞ்சு நாள்ல பழகிடும். விலங்கு பக்கத்துல வந்தா தானா தண்ணி பீச்சுற சென்சார் ஸ்பிரிங்க்ளர் கொஞ்சம் பரவாயில்ல.

எலி விஷம் மட்டும் வைக்காதீங்க ப்ளீஸ். அதைத் தின்ன எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கிட்டுத் திரியும், அதை ஆந்தை பிடிச்சுத் தின்னா அந்த விஷம் ஆந்தைக்குள்ளயும் போகும். உங்களுக்காக சம்பளம் இல்லாம எலி பிடிக்கிற பறவையை நீங்களே கொன்ன மாதிரி. ஒட்டுப் பொறியும் வேண்டாம், கொடுமை அது. நாஃப்தலின் உருண்டையை (பாச்சை உருண்டை) தொட்டில போடுறதும் தப்பு, மண்ணுக்கும் குழந்தைங்களுக்கும் ஆபத்து. கடிச்ச பழத்துல பாதி நல்லா இருக்கேன்னு வெட்டித் தின்னுடாதீங்க, வௌவால் எச்சில் வழியா நிபா மாதிரி நோய் வரலாம், அப்படியே புதைச்சிடுங்க.

ஏற்கனவே பட்டையைக் கடிச்சிட்டா?

சுற்றளவுல பாதிக்கும் கம்மியா போயிருந்தா மரம் பொழைக்கும். நைஞ்சு தொங்குற பட்டையை மட்டும் சுத்தமான கத்தியால வழிச்சு எடுத்துட்டு, கூடு போட்டு, அந்தப் பருவத்துக் காயைக் கிள்ளி விட்டுட்டு காத்திருங்க. தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம், ஈரம் உள்ள தங்கி அழுகும்.

முழு வளையமா போயிருந்தா, பட்டை சுலபமா உரியுற பருவத்துல அதே மரத்துக் குச்சியை காயத்துக்கு மேலயும் கீழயும் பட்டைக்குள்ள சொருகி பாலம் மாதிரி ஒட்டுக் கட்டலாம், ஆனா அது கை பழகினவங்க வேலை. உங்களால முடியுறது, நர்சரில ஒட்டு போட்ட இடம், அதாவது வேற செடியோட வேர்ப்பகுதி மேல (அதுதான் வேர்ச்செடி) உங்க மரத்தைச் சேர்த்த இடம் எங்கன்னு பாருங்க, அடிமரத்துல லேசா புடைச்சுக்கிட்டு தெரியும். கடி அந்த முடிச்சுக்கு நல்லா மேல இருந்தா, கடிபட்ட இடத்துக்குக் கீழ, முடிச்சுக்கு மேல நாலு விரல் விட்டு வெட்டிடுங்க. அங்க இருந்து வர்ற துளிர் உங்க மரம்தான், அதுல நல்லா திடமான ஒண்ணை மட்டும் நிறுத்துங்க. முடிச்சுக்குக் கீழ இருந்து வர்றது வேர்ச்செடியோட துளிர், எவ்வளவு செழிப்பா வந்தாலும் கிள்ளிடுங்க, உங்க பழம் அதுல காய்க்காது. துளிர் வர்ற வரைக்கும் உரம் போடாம, மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்க, வெட்டின அன்னைக்கே கம்பிக் கூட்டையும் திரும்ப மாட்டிடுங்க, இளந்துளிர்னா எலிக்கும் நத்தைக்கும் உயிர்.