வேர்ட்பிரஸ் தளம் முடங்கினால் செய்யக் கூடாதவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் வேர்ட்பிரஸ் என்ற இணையதளம் அமைக்கும் மென்பொருளைக் கற்க வரும் இளைஞர்கள், ஒரு காலத்தில் என்னை அலைக்கழித்த அதே இடங்களில்தான் இன்றும் தடுமாறுகிறார்கள். கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

எதற்கெடுத்தாலும் 777

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. படம் பதிவேறவில்லை என்றதும் எல்லாக் கோப்புறைகளுக்கும் 777 அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழு, மற்றவர் மூவருக்கும் 7 என்றால், தளம் இருக்கும் சர்வரில் உள்ள எந்தப் பயனர் கணக்கும் உங்கள் கோப்புகளில் கைவைக்கலாம்.

புதுச்சேரியில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவருக்கு யாரோ இப்படிச் செய்து கொடுத்திருந்தார்கள். படங்கள் ஏறின, அவருக்கும் மகிழ்ச்சி. பொங்கல் விடுமுறை நெருங்கிய நேரத்தில், அறை தேடி வந்தவர்களை அந்தத் தளம் சூதாட்டப் பக்கங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய கோப்புறையில், சர்வரில் இயங்கக்கூடிய நிரல்களான பிஎச்பி கோப்புகள் கிடந்தன. சுத்தம் செய்து முடிப்பதற்குள் முன்பதிவுக் காலம் போய்விட்டது.

இத்தனைக்கும் கோளாறு பெரும்பாலும் உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். கோப்புகளை ரூட் என்ற தலைமை நிர்வாகக் கணக்கில் ஏற்றியிருப்பார்கள். உபுண்டு இயங்குதளத்தில், பக்கங்களை வழங்கும் அப்பாச்சி மென்பொருள் வேறொரு கணக்கில் இயங்கும்; அதனால் அந்தக் கோப்புறைகளில் அதனால் எழுத முடியாது. உரிமையாளரை அந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டு, கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 வையுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை இன்னும் இறுக்கி 640 ஆக்கலாம். கோப்பின் உரிமையாளர் கணக்கிலேயே பிஎச்பியை இயக்கும் சூஎக்ஸெக் முறை உள்ள சர்வர்களில், 777 கொடுத்தாலே 500 பிழை, அதாவது சர்வருக்குள் கோளாறு என்ற செய்தி, வரும். பிறகு அந்த 500-க்கும் மருந்து தேடி அலைகிறார்கள்!

வெள்ளைத் திரை, 500

பிழைப் பதிவைப் படிக்கும் முன் எதையும் அழிக்காதீர்கள். கான்ஃபிக் கோப்பில் டீபக் பதிவை (பிழைகளைக் குறித்து வைக்கும் வசதி) இயக்கினால், எந்தச் செருகுநிரலின் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் வசதி) எந்த வரி தடுக்கிறது என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். அந்தச் செருகுநிரலின் கோப்புறைப் பெயரை மாற்றினால் அது செயலிழக்கும். வேலை முடிந்ததும் பிழைப் பதிவுக் கோப்பை நீக்கிவிடுங்கள். வெளியாட்களும் அதைத் திறந்து படிக்க முடியும். 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பிலிருந்து, முடங்கிய தளத்துக்குள் நுழைய உதவும் மீட்பு இணைப்பு நிர்வாகியின் மின்னஞ்சலுக்கே வருகிறது. பலர் அங்கே பழைய முகவரியை வைத்திருக்கிறார்கள்.

முகப்பு திறக்கிறது, பதிவுகள் மட்டும் 404

404 என்றால் பக்கம் கிடைக்கவில்லை என்று பொருள்; தளத்தில் எழுதிய பதிவுகள் அழியவில்லை. பதிவுகளின் முகவரி வடிவத்தை முடிவு செய்யும் நிலையிணைப்பு அமைப்பைத் திறந்து மீண்டும் சேமியுங்கள்.

தரவுத்தள இணைப்புப் பிழை

கடவுச்சொல்லை மாற்றும் முன், சர்வரின் வட்டு நிரம்பிவிட்டதா என்று பாருங்கள்.

காப்பு நகல்

தளம் இருக்கும் அதே சர்வரில் வைத்த நகலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.