புதைபடிவ இலைகளை எண்ணி, பழைய காட்டின் வெயிலை அறிவது எப்படி?

ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஏராளமான கார்பன் கலந்து, உலகச் சராசரி வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கும் மேல் ஏறியது. பாலியோசீன் காலம் முடிந்து இயோசீன் தொடங்கிய அந்தச் சந்திப்பில் காடுகளுக்கு என்ன நடந்தது? இதற்கு இலைகளாலேயே பதில் வைத்திருக்கும் இடங்களில் சிறந்த ஒன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள பிக்ஹார்ன் படுகை. முதுகலை முடித்த கையோடு ஒரு கோடையில் அங்கே இலை தோண்டும் குழுவில் உதவிக்குச் சேர்ந்தேன். இப்போது தாவரவியல் ஆசிரியை. "கல்லில் பதிந்த இலையை வைத்து வெப்பநிலையை எப்படி மேடம் சொல்கிறார்கள்?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடுக்கு. எந்த மட்டத்திலிருந்து வந்தது என்று தெரியாத இலை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது. வெப்ப உச்சத்துக்கு முந்தையது, அதன் நடுவே படிந்தது, பிந்தையது என்று மூன்று மட்டங்களாவது வேண்டும். பிக்ஹார்னில் அந்த மட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு: வெப்ப உச்சத்தின்போது படிந்த மண்ணில் கார்பன்-13 ஐசோடோப்பின் (கார்பனின் சற்றே கனமான வடிவம்) பங்கு சட்டென்று குறையும். அதனால் இலை எடுக்கும் குழியின் ஓரத்திலிருந்து மண் மாதிரியும் எடுத்துவிடுங்கள். தோண்ட அனுமதி வாங்குவதெல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சேற்றுப்பாறையைப் படுக்கைவாட்டில் பிளந்தால் இலை இரண்டு பக்கமும் பதிந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே எண் போட்டு, டாய்லெட் பேப்பரில் சுற்றி, டேப் ஒட்டிப் பெட்டியில் வைப்போம். விலை மலிவு, கல்லையும் கீறாது. இதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை.

இனி நான் மிகவும் வலியுறுத்தும் இடம். அழகான இலைகளை மட்டும் பொறுக்காதீர்கள். பாதி கிழிந்தது, நுனி போனது, பூச்சி தின்றது என எதுவானாலும், எந்த மரத்துடையது என்று அடையாளம் காணும் அளவுக்கு இருந்தால் எண்ணிக்கையில் சேர வேண்டும். அபூர்வமான, முழுமையான இலைகளை மட்டும் எடுத்துவந்தால் மியூசியம் அலமாரி நிறையும். காட்டில் எந்த மரம் அதிகம், எது அரிது என்ற கணக்கு மட்டும் கிடைக்கவே கிடைக்காது. நாம் தேடிப் போனதோ அந்தக் கணக்கைத்தான்.

அப்புறம் விளிம்பு. 1915இல் பெய்லி, சின்னாட் என்ற இரு தாவரவியலாளர்கள் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள்: வெப்பமான ஊர்களின் காடுகளில் விளிம்பு வழுவழுப்பான இலைகள் கொண்ட மரங்கள் அதிகம், குளிர்ந்த ஊர்களில் பல் விளிம்பு, அதாவது ரம்பம்போன்ற ஓரம், கொண்டவை அதிகம். இதில் இருவித்திலை மரங்களும் புதர்களும் மட்டுமே கணக்கு. பனை, பெரணி, ஊசியிலை மரங்களை ஒதுக்கிவிடுங்கள். இலைகளை இனவாரியாகப் பிரித்து, ஒவ்வோர் இனத்துக்கும் விளிம்பு வழுவழுப்பா, பல்லா என்று குறியுங்கள். ஒரே இனத்தில் இரண்டும் இருந்தால் அரை மதிப்பெண். ஓரம் கிழிந்த இடத்தைப் பல் என்று எண்ணிவிட வேண்டாம். உண்மையான பல்லுக்குள் பெரும்பாலும் ஒரு நரம்பு போகும், லென்ஸில் பாருங்கள்.

கிழக்காசியக் காடுகளை வைத்துத் தொல்தாவரவியலாளர் ஜாக் உல்ஃப் தொகுத்த தரவிலிருந்து ஓர் எளிய சமன்பாடு வந்தது. வழுவழுப்பு இனங்களின் விகிதத்தை 30.6ஆல் பெருக்கி 1.14 கூட்டினால் ஆண்டுச் சராசரி வெப்பநிலை. ஒரு மட்டத்தில் 30 இனங்கள், அவற்றில் 18 வழுவழுப்பு என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.6, விடை 19.5 டிகிரி. இனங்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டுமே இதில் ஏறக்குறைய 2.7 டிகிரி பிழை வரலாம். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். 20 இனங்களுக்குக் கீழே என்றால் நான் எண்ணே போட மாட்டேன்.

இன்னோர் எச்சரிக்கை: ஆறு, ஏரிக் கரைகளில் பல் விளிம்பு இலைகள் கூடுதலாக இருக்கும். புதைபடிவங்கள் கிடைப்பதோ பெரும்பாலும் அத்தகைய இடங்களில்தான். எனவே விடை உண்மையைவிடக் குளிர்ச்சியாக வரலாம். இலையின் பரப்பை வைத்து மழையளவையும் கணிக்கிறார்கள். ஆனால் பெரிய இலைகள் புதையும் முன்பே நைந்துபோகும் என்பதை மறக்கக் கூடாது.

வெப்பநிலை கிடைத்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. காட்டின் கதையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மூன்று மட்டங்களின் இனப்பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஸ்காட் விங் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இப்படித்தான் நடந்தது. பிக்ஹார்னில் வெப்பம் சுமார் 5 டிகிரி ஏறியிருக்கிறது. தொடக்கத்தில் மழை குறைந்து, பிறகு கூடியிருக்கிறது. பழைய மரங்களோடு வேறு பகுதிகளிலிருந்து வந்த மரங்களும் கலந்தன. அவரைக் குடும்பத்து மரங்கள் பெருகின, ஊசியிலை மரங்கள் காணாமல் போயின. இந்த இடப்பெயர்ச்சி 10,000 ஆண்டுகளுக்குள் நடந்தது. மரம் நடக்காது, அதன் விதைதான் நகர வேண்டும் என்பதை நினைத்தால் இது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அதே இலைகளில் பூச்சிக்கடியையும் குறித்துக்கொள்ளுங்கள்: துளை, ஓரக்கடி, இலைக்குள் குடைந்த தடம், முடிச்சு. எலன் குரானோவும் சக ஆய்வாளர்களும் 2008இல் 5,062 இலைகளைப் பார்த்து, வெப்ப உச்சத்தில் பூச்சிச் சேதம் வெகுவாகக் கூடியதைக் காட்டினார்கள். கிழிந்த இலையைத் தூக்கிப்போட்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் இருக்கின்றனவே, அந்தக் கல்மரங்களில் இதைச் செய்யலாமா என்று கேட்பார்கள். அங்கே கிடைப்பது மரத்தண்டு, இலை இல்லை. விளிம்புக் கணக்குக்கு வழியில்லை. மரத்தின் திசு அமைப்பையும் வளர்ச்சி வளையங்களையும் படிக்கலாம். ஆனால் கிளையும் வேரும் இல்லாத அந்தத் தண்டுகள் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்று கருதப்படுகின்றன. அங்கேயே நின்ற காடாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

பழகிப் பார்க்கப் புதைபடிவம் தேவையில்லை. உங்கள் ஊரில் தானாக வளர்ந்த காடு அல்லது கோயில் காடு இருந்தால், அங்கே 30 மர, புதர் இனங்களின் உதிர்ந்த இலைகளைச் சேருங்கள். புங்கன், ஆல், அரசு எல்லாம் வழுவழுப்பு. வேம்பு பல். இவ்வளவு வெயிலில் வேம்புக்கு ஏன் பல் என்று குழம்ப வேண்டாம், ஓர் இனத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, விகிதம்தான் பேசும். நட்டு வளர்த்த பூங்கா மரங்களைச் சேர்க்காதீர்கள். விடையை உங்கள் ஊரின் உண்மையான ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு, எத்தனை டிகிரி விலகுகிறது என்று நோட்டில் எழுதிவையுங்கள். கல் இலைகளுக்குப் போகும்போது அந்த எண் கையில் இருக்கட்டும்.